நமது பச்சைக் கோடு எந்தப் பச்சை? திரைக்குத் திரை நிறம் மாறுவதன் வரலாறு



பெப்ரவரி 4 வந்தால் எமது வட்ஸ்அப் குழுமங்கள் எல்லாம் தேசியக் கொடிதான். வந்த படங்களில் ஐந்தாறை எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். முஸ்லிம்களைக் குறிக்கும் அந்தப் பச்சைக் கோடு ஒன்றில் மயில்கழுத்து நிறம், இன்னொன்றில் வாழையிலை நிறம், வேறொன்றில் கிட்டத்தட்டக் கறுப்பு. சில படங்களில் கொடியைச் சுற்றி வெள்ளைப் பெட்டி, சிலதில் கறுப்புப் பெட்டி. செய்தவர் ஒருவராகவே இருப்பார். அவர் தன் கணினியில் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும்.

“பொடியனுக்கு வேலை தெரியாது” என்று இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். எத்தாளையிலும் கற்பிட்டியிலும் நுரைச்சோலையிலும் கல்யாண அழைப்பிதழ், ஜனாஸா அறிவித்தல், மத்ரஸா போஸ்டர் என்று போனிலும் பழைய மடிக்கணினியிலும் செய்து கைச்செலவுக்கு உழைக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கிடைக்கும் ஏச்சில் பாதிக்கு மேல் அவர்களுடைய பிழைக்காக அல்ல. அதன் கதை நாற்பது வருடம் பழையது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் கொடி. 1948 ஜனவரி 16ஆம் திகதி பாராளுமன்றத்தில் ஒரு பிரேரணை வந்தது. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சிங்கக் கொடியே சுதந்திர இலங்கையின் கொடியாக வேண்டும் என்பது அதன் கருத்து. அதைக் கொண்டுவந்தவர் மட்டக்களப்புப் பாராளுமன்ற உறுப்பினர் முதலியார் ஏ. சின்னலெப்பை. சிங்கக் கொடிக்கான அந்தப் பிரேரணையைக் கொண்டுவந்தவர் ஒரு முஸ்லிம் என்பது எமது பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதன்பின் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதில் டீ.பி. ஜாயாவும் இருந்தார், ஜீ.ஜீ. பொன்னம்பலமும் இருந்தார். செனட்டர் நடேசன் குழுவின் முடிவோடு உடன்படாமல் தன் மாறுபட்ட கருத்தைப் பதிந்தார். தமிழருக்குச் செம்மஞ்சள், முஸ்லிம்களுக்குப் பச்சை என்று இரண்டு நெடுங்கோடுகள் சேர்ந்தன. 1951 மார்ச் 2ஆம் திகதி கொடி ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1972இல் நான்கு மூலைகளிலும் அரச மர இலைகள் வந்தன.

அந்தக் காலத்தில் நிறம் என்றால் சாயம். சாயத்தைப் புடவையில் தோய்த்தால் எல்லோர் கண்ணுக்கும் ஒரே புடவைதான். வெயிலில் வெளிறினாலும் எல்லோருக்கும் ஒன்றாகவே வெளிறும். கணினி வந்ததும் நிறம் சாயமாக இருப்பதை விட்டு எண்ணாக மாறியது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். எமது கொடியின் பச்சைக்கு இணையத்தில் பரவலாகக் காணப்படும் எண்களில் ஒன்று: சிவப்பு 0, பச்சை 83, நீலம் 78. பச்சையும் நீலமும் ஏறத்தாழச் சமம். மயில்கழுத்து எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கும். வேறு தளங்கள் வேறு எண் தருகின்றன, அங்கே வாழையிலை.

எண் ஒன்றாகவே இருந்தாலும் பிரச்சினை தீராது. 83 என்றால் எவ்வளவு வெளிச்சம்? இந்தக் கேள்விக்குத்தான் உலகம் நெடுங்காலம் ஒரே பதில் வைத்திருக்கவில்லை.

பழைய குழாய்த் திரைகளை (பெட்டி போல முதுகு தள்ளிய ரீவிகள் நினைவிருக்கும்) எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சம் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்கையும் தாண்டும். இந்த வளைவின் அளவைக் காமா என்பார்கள். விண்டோஸ் கணினிகள் திரையின் இயல்பை அப்படியே விட்டுவிட்டன. நடைமுறையில் காமா 2.2 என்று வைத்துக்கொள்ளலாம். அப்பிள் நிறுவனம் தன் மெக்கின்டோஷில் இடையில் ஒரு திருத்தத்தைப் போட்டு 1.8 ஆக்கியது. தங்கள் லேசர் அச்சுப்பொறியில் மை தாளில் பரவும் அளவுக்குத் திரையும் பொருந்த வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். அச்சுத் தொழிலுக்கு மெக், அலுவலகத்துக்கு விண்டோஸ் என்று உலகம் பிரிந்திருந்த காலம் அது.

க.பொ.த. சாதாரண தரக் கணிதம் போதும், கணக்குப் போட்டுப் பாருங்கள். 83ஐ 255ஆல் வகுத்து 2.2 அடுக்குக்கு உயர்த்தினால் சுமார் 0.085. அதாவது விண்டோஸ் திரையில் முழு வெளிச்சத்தின் 8.5 சதவீதம். அதே எண்ணை 1.8 அடுக்குக்கு உயர்த்தினால் 0.133, அதாவது மெக் திரையில் 13 சதவீதத்துக்கு மேல். ஒரே கோப்பு, ஒரே எண், வெளிச்சம் மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம். மெக்கில் செய்த படம் விண்டோஸில் இருண்டது, விண்டோஸில் செய்தது மெக்கில் வெளிறியது. இந்த இழுபறி 2009 ஓகஸ்ட் வரை நீடித்தது. ஸ்னோ லெபர்ட் என்ற பதிப்பில்தான் அப்பிளும் 2.2க்கு இறங்கி வந்தது.

இடையில் சமரச முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1993இல் அப்பிள், அடோபி, கொடாக், மைக்ரோசொஃப்ட் உட்பட எட்டு நிறுவனங்கள் கூடிச் சர்வதேச நிறக் கூட்டமைப்பை உருவாக்கின. அவர்களின் யோசனை நல்லது: ஒவ்வொரு படத்தோடும் ஒரு சிறு அடையாளச் சீட்டை ஒட்டிவிடுவது, “இந்த எண்கள் இன்ன நிறவெளியைச் சேர்ந்தவை” என்று. சந்தையில் ஒரு மீன்காரர் கிலோவிலும் மற்றவர் இறாத்தலிலும் விலை சொன்னால், அளவு எதுவென்று சீட்டில் எழுதினால்தானே ஒப்பிட முடியும்? ஆனால் சீட்டை வாசிக்காத மென்பொருள்கள் மலிந்திருந்தன. 1996இல் ஹியூலட் பக்காட்டும் மைக்ரோசொஃப்டும் வேறு வழி சொன்னார்கள்: சீட்டு இல்லாத படமெல்லாம் ஒரே நிறவெளி என்று வைத்துக்கொள்வோம். அதுதான் எஸ்ஆர்ஜிபி. 1999இல் சர்வதேச நியமமானது. அன்றைய சாதாரணத் திரையின் சராசரிதான் அது, விசேடமாக ஒன்றுமில்லை. இன்றுவரை இணையம் அதில்தான் ஓடுகிறது.

அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு நிறவெளியும் உண்டு. அதன் பிறப்பு எமக்குப் பிடித்த கதை. 1998இல் போட்டோஷொப் 5 வந்தபோது ஒரு தொலைக்காட்சி நியமத்தின் நிறவெளியைச் சேர்க்க நினைத்தார்கள். எண்களை நியமத்தின் பிரதான பகுதியில் எடுக்காமல் பின்னிணைப்பில் இருந்து எடுத்துவிட்டார்கள், எழுதும்போது சிவப்பின் எண்ணிலும் ஒரு பிழை. பிழை தெரியவந்ததற்குள் பாவனையாளர்களுக்கு அது பிடித்துப்போனது, அச்சு வேலைக்கு வசதியாக இருந்தது. பெயரை மாற்றி அப்படியே வைத்துக்கொண்டார்கள். இன்றும் நல்ல கமராக்களில் அந்தத் தெரிவு இருக்கிறது. கல்யாண வீட்டு ஃபோட்டோ கணினியில் அழகாகவும் பேஸ்புக்கில் செத்துப்போனதாகவும் தெரிந்தால், கமராவில் இது தெரிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரு சிறு இடைச்செருகல். நிறம் பார்ப்பவனையும் சூழலையும் பொறுத்தது என்பதை இந்தக் கம்பனிகள் கண்டுபிடிக்கவில்லை. 965இல் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம் தன் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில், ஒரே சாயத்தின் புள்ளி வெள்ளைப் பின்னணியில் கறுத்தும் கரும் பின்னணியில் வெளிறியும் தெரிவதை எழுதி வைத்திருக்கிறார். ஆயிரம் வருடம் ஆகிவிட்டது. எட்டாம் வகுப்பு விஞ்ஞானத்தில் ஒளி படிப்பிக்கும்போது இதையும் இரண்டு வசனம் சொல்லலாம்.

இனி அந்த வெள்ளைப் பெட்டி, கறுப்புப் பெட்டி விடயம். நிறத்தை விட இதில்தான் எமது பிள்ளைகள் அதிகம் மாட்டுகிறார்கள்.

பெக்ரவுண்ட் இல்லாத படம் என்கிறோமே, அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்ணுக்குப் பதிலாக நான்கு எண் இருக்கும். நான்காவது, அந்தப் புள்ளி எவ்வளவு மறைக்கிறது என்பது. 0 என்றால் கண்ணாடி, 255 என்றால் சுவர். இதற்கு அல்ஃபா என்று பெயர். 1970களின் பிற்பகுதியில் நியூயோர்க் தொழினுட்பக் கல்லூரியில் எட் கட்முல்லும் அல்வி ரே ஸ்மித்தும் இதை உருவாக்கினார்கள். 1984இல் தோமஸ் போர்ட்டரும் டொம் டஃபும் ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை வைப்பதற்கான கணிதத்தை முழுமையாக எழுதினார்கள். நால்வருக்கும் 1996இல் ஒஸ்கார் அமைப்பின் தொழினுட்ப விருது கிடைத்தது.

அந்தக் கணிதத்தில் ஒரு கிளை பிரிகிறது. நிற எண்ணை அல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கிச் சேமிக்கலாம், அல்லது பெருக்காமல் சேமித்துவிட்டுக் காட்டும்போது பெருக்கலாம். இரண்டும் சரி. ஒன்றில் சேமித்ததை மற்றது என்று நினைத்து வாசித்தால்தான் பிழை. எழுத்தின் விளிம்பில் பாதி மறைக்கும் வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அதை இரண்டு முறை பெருக்கினால் வெள்ளை சாம்பலாகிவிடும். எழுத்தைச் சுற்றி மெல்லிய அழுக்குக் கோடு தெரிகிறதே, அது பெரும்பாலும் இதுதான். விண்டோஸின் படம் கலக்கும் கட்டளையும், லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் பகுதியும், அப்பிளின் வரைதல் அமைப்பும் பெருக்கிய முறையைப் பாவிக்கின்றன. பிஎன்ஜி கோப்போ பெருக்காத முறையில் சேமிக்கிறது. ஒவ்வொரு மென்பொருளும் இடையில் நின்று மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்ப்பு சில இடங்களில் தவறுகிறது.

பிஎன்ஜி என்றோம். அது பிறந்ததே ஒரு கோபத்தில். அதற்கு முன் இணையத்தில் ஜிஃப் படங்கள்தான். 256 நிறம் மட்டும், அதில் ஒரே ஒரு நிறத்தைக் கண்ணாடியாக்கலாம், பாதிக் கண்ணாடி என்பதே இல்லை. 1994 டிசம்பர் இறுதியில், ஜிஃபின் சுருக்கும் முறைக்குத் தன்னிடம் காப்புரிமை இருப்பதாகவும் அதைப் பாவிக்கும் மென்பொருள்களுக்குக் கட்டணம் வேண்டும் என்றும் யுனிசிஸ் நிறுவனத்தின் பெயரில் அறிவிப்பு வந்தது. ஒரு வாரத்துக்குள், 1995 ஜனவரி 4ஆம் திகதி, தோமஸ் பூட்டல் என்பவர் மாற்று வடிவமொன்றின் முதல் வரைவை இணையத்தில் போட்டார். தன்னார்வலர்கள் கூடி வேலை செய்தார்கள். 1996 ஒக்டோபரில் பிஎன்ஜி உலகளாவிய வலை அமைப்பின் பரிந்துரையானது. முழு அல்ஃபா, இலவசம், காமா எண்ணை எழுதுவதற்கும் ஓர் இடம்.

அந்தக் காமா இடமே பிறகு தலைவலியானது. சில உலாவிகள் அதை வாசித்துத் திருத்தின, சில கவனிக்கவே இல்லை. திருத்திய உலாவியில் படம் ஒரு நிறம், அதைச் சுற்றியுள்ள பக்கம் வேறு நிறம். வடிவமைப்பாளர்கள் கடைசியில் அந்தத் தகவலையே கோப்பிலிருந்து வெட்டி எறியத் தொடங்கினார்கள். உதவிக்கு வைத்த சீட்டைக் கிழித்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கும் என்ற நிலை.

அல்ஃபா பட்ட பாடு இன்னும் மோசம். 2000ஆம் ஆண்டு மெக்குக்கு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 பிஎன்ஜியின் கண்ணாடித் தன்மையைச் சரியாகக் காட்டியது. அதே மைக்ரோசொஃப்ட், அதே பெயர், 2001இல் விண்டோஸுக்கு வந்த பதிப்பு 6 காட்டவில்லை. கண்ணாடியாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் நிறம். 2006 ஒக்டோபரில் பதிப்பு 7 வரும்வரை உலகின் பெரும்பாலான கணினிகளில் இதுதான் நிலை. பணிசெயல் முறைமை மாறினால் படம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எமக்குக் கிடைக்கவில்லை.

இன்று அந்த உலாவிகள் இல்லை, ஆனால் பெட்டி இன்னும் வருகிறது. காரணங்கள் வேறு. ஜேபெக் கோப்பில் நான்காவது எண்ணுக்கு இடமே கிடையாது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் ஜேபெக்காக மாறிப் போகும், அல்ஃபா உதிர்ந்துவிடும். உதிர்ந்தபின் மிஞ்சுவது அந்தப் புள்ளிக்கு அடியில் எழுதியிருந்த நிறம். பல மென்பொருள்கள் கண்ணாடிப் புள்ளிக்கு 0, 0, 0 என்றே எழுதி வைக்கும், அதனால் கறுப்புப் பெட்டி. சில மென்பொருள்கள் வெள்ளையில் வைத்துத் தட்டையாக்கும், அதனால் வெள்ளைப் பெட்டி. விண்டோஸில் ஒரு மென்பொருளில் கொப்பி செய்து இன்னொன்றில் பேஸ்ட் செய்யும்போதும் பழைய வகைப் படமாகப் போனால் இதேதான் நடக்கும். மெக்கில் பெரும்பாலும் நடக்காது. அதனால்தான் மெக் வைத்திருக்கும் வெளிநாட்டு உறவினர் “எனக்குச் சரியாத்தானே இருக்கு” என்கிறார். அவர் சொல்வது உண்மை.

அச்சகத்துக்குப் போனால் இன்னொரு வரலாறு. 1984இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழிக்குக் கண்ணாடித் தன்மை தெரியவே தெரியாது. மேலே வைத்தது கீழே உள்ளதை முழுக்க மறைக்கும், அவ்வளவுதான். பிடிஎஃப் கோப்புக்கு அந்த ஆற்றல் 2001இல் பதிப்பு 1.4 உடன் வந்தது. பழைய அச்சு முறைமைகளுக்கு அனுப்பும்போது மென்பொருள் படத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தட்டையாக்கும். ஒரு துண்டு ஒரு நிறவெளியிலும் பக்கத்துத் துண்டு வேறொன்றிலும் மாற்றப்பட்டால், திரையில் தெரியாத சதுரம் பதாகையில் பளிச்சென்று தெரியும். அதோடு திரை வெளிச்சத்தால் நிறம் செய்கிறது, அச்சு மையால் செய்கிறது. சில ஒளிரும் பச்சைகளை நான்கு மைகளாலும் எட்டவே முடியாது.

எமது பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒருமுறை பச்சை இல்லத்தின் பதாகை நீலமாக வந்து சேர்ந்தது. பிள்ளைகள் அழாத குறை. நீல இல்லத்தார் அதைத் தங்களுடையது என்று தூக்கிக்கொண்டு ஓடியது வேறு கதை. வடிவமைத்த மாணவனின் போன் திரையில் அது பச்சையாகவே இருந்தது, அச்சகத்தின் கணினியிலும் பச்சையாகவே இருந்தது. போன் ‘விவிட்’ என்ற முறையில் நிறத்தைக் கூட்டிக் காட்டியது, அச்சுப்பொறி மையைத் தன் வழக்கப்படி கலந்தது, இரண்டுக்கும் இடையில் சீட்டே இல்லாத ஒரு ஜேபெக். அந்தப் பிள்ளை இரண்டு மாதம் எந்த வேலையும் எடுக்கவில்லை. பணத்தை அவனுடைய உம்மா திருப்பித் தர வந்தார். பெற்றார் சங்கம் வாங்கவில்லை, நல்ல முடிவு. ஆனால் அந்த வெட்கம் அவனுக்கு வந்திருக்கவே கூடாது.

விரிந்த நிறம் காட்டும் திரைகள் வந்தபின் சிக்கல் இன்னொரு சுற்று சுற்றியது. அப்பிள் 2015இல் ஐமெக்கிலும் 2016இல் ஐபோன் 7இலும் டிஸ்பிளே பி3 என்ற பெரிய நிறவெளியைக் கொண்டுவந்தது. அன்ட்ரொய்ட் 2017இல் பதிப்பு 8 உடன்தான் அதற்கேற்ற நிற முகாமைத்துவத்தைச் சேர்த்தது. ஐபோனில் எடுத்த செந்நிறப் புடவை வேறு போனில் மங்கிப் போவது இதனால்.

இலவசமாகக் கிடைப்பதால் எமது பிள்ளைகள் பாவிக்கும் கிம்ப் மென்பொருளிலும் ஒரு விடயம் உண்டு. 2018இல் வந்த 2.10 பதிப்பு முதல் அது புதிய அடுக்குகளை உண்மையான ஒளியின் கணக்குப்படி கலக்கிறது. போட்டோஷொப் வழமையாக எண்களை அப்படியே கலக்கும். கறுப்பின் மேல் பாதி மறைக்கும் வெள்ளையை வைத்தால் போட்டோஷொப்பில் 128 வரும், கிம்பில் 188. அறுபது எண் வித்தியாசம். ஒன்றில் செய்த நிழலும் மெல்லிய திரையும் மற்றதில் வேறாகத் தெரிவதற்கு யாரையும் ஏச வேண்டியதில்லை. கிம்பில் அந்த அடுக்கின் முறையை ‘லெகசி’க்கு மாற்றினால் பழைய கணக்கு வரும்.

(பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ் இன்னொரு கணினியில் குப்பையாக வரும் கதையும் இதன் சகோதரிதான். அதற்கு வேறொரு நாள் வேண்டும்.)

வடிவமைப்பு வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் வேலை கொடுக்கும் பள்ளிவாசல், கழக, பாடசாலைப் பொறுப்பாளர்களுக்கும் நாம் பாவித்துப் பார்த்துச் சொல்லக்கூடியவை இவை. சேமிக்கும்போது எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, அந்தச் சீட்டை உள்ளே வைக்கும் தெரிவை இடுங்கள். பெக்ரவுண்ட் இல்லாத படத்தைப் பிஎன்ஜியாகச் சேமித்து, வட்ஸ்அப்பில் படமாக அல்லாமல் டொக்கியுமென்டாக அனுப்புங்கள். போனின் திரையை ‘விவிட்’ முறையில் இருந்து ‘நெச்சுரல்’ முறைக்கு மாற்றிவிட்டு நிறத்தைத் தெரிவு செய்யுங்கள். அச்சகத்துக்குக் கொடுக்கும் பிடிஎஃபை முடிந்தால் அவர்களிடமே கேட்டு அவர்கள் சொல்லும் முறையில் எடுங்கள். பத்தடிப் பதாகைக்கு முன் ஒரு அடித் துண்டு அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். துண்டுக்கான காசை வேலை கொடுப்பவர் கொடுக்க வேண்டும், பிள்ளை அல்ல. துண்டைப் பார்த்துக் கையொப்பம் வைத்தபின் நிறம் பற்றிய பேச்சு இல்லை என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கொடி செய்பவர்கள் நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு என்பதையும் கவனியுங்கள். போன் திரைக்குள் அடக்குவதற்காகப் பக்கவாட்டில் அமுக்கும்போது முதலில் மெலிவது செம்மஞ்சளும் பச்சையும்தான்.